பூங்காவா, கடற்கரையா? மெட்டல் டிடெக்டர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "எவ்வளவு ஆழம் வரைக்கும் காட்டும்?" விற்பவர்களும் பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள். இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் என்று பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அந்த மூன்று மீட்டரில் ஏதாவது தெரிய வேண்டுமென்றால், புதைந்திருப்பது கார் அளவு இரும்பாக இருக்க வேண்டும். ஒற்றை நாணயம் என்றால் நல்ல கருவிக்கே, நல்ல மண்ணில், 20 முதல் 25 சென்டிமீட்டர்தான். அதாவது ஒரு சாண், கொஞ்சம் கூட. மெல்லிய மோதிரத்துக்கு அதுவும் கிடையாது.

ஆழத்தில் மலிவான கருவிக்கும் விலை கூடிய கருவிக்கும் உள்ள இடைவெளி விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை. பெரிய இடைவெளி வேறு இடத்தில் இருக்கிறது: நீங்கள் எந்தத் தரையில் நடக்கப் போகிறீர்கள் என்பதில். பூங்காவில் தரை சாது, ஆனால் குப்பை அதிகம். கடற்கரையில், அதிலும் அலை நனைத்துவிட்டுப் போகும் ஈர மணலில், தரையே கருவியோடு மல்லுக்கு நிற்கும். இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. எனவே முதலில் உங்கள் தரை எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மாடல் பெயரெல்லாம் அப்புறம்.

காயிலுக்குள் நடப்பது

கருவியின் அடி முனையில் இருக்கும் வட்டத் தட்டுக்குப் பெயர் காயில். அதற்குள் செம்புக் கம்பிச் சுற்றுகள் இரண்டு இருக்கும். முதல் சுற்றில் மாறுதிசை மின்னோட்டம் ஓடும். வினாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் இந்த மின்னோட்டத்தால் தரைக்குள் ஒரு காந்தப்புலம் பரவும். அந்தப் புலத்துக்குள் உலோகம் ஏதாவது அகப்பட்டால் அதில் சிறு சுழல் மின்னோட்டங்கள் எழும். அவை தம் பங்குக்கு ஒரு குட்டிக் காந்தப்புலத்தை உண்டாக்கும். இரண்டாவது சுற்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது அதற்காகத்தான். முதல் சுற்றின் புலம் நேரடியாக அதில் ஏறிவிடாதபடி இரண்டையும் அளந்து பொருத்தியிருப்பார்கள். உலோகம் இல்லாதபோது அங்கே அநேகமாக அமைதி.

திரும்பி வரும் சிக்னலில் கருவி இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. எவ்வளவு பலமாக வருகிறது, எவ்வளவு தாமதமாக வருகிறது. பலத்தை வைத்து ஆழத்தை ஊகிக்கும். தாமதத்தை வைத்து, அது எந்த மாதிரி உலோகம் என்று ஓர் எண்ணைத் திரையில் காட்டும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் கனமான பொருள், உதாரணத்துக்கு ஒரு வெள்ளி நாணயம், தாமதமாகப் பதில் சொல்லும். அலுமினியத் தாளின் கிழிசல் சட்டென்று சொல்லிவிடும். இந்த வகைக் கருவிகளை வி.எல்.எஃப். என்பார்கள், மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் வேலை செய்பவை. கடையில் கிடைக்கும் பத்தில் ஒன்பது இந்த வகைதான்.

தத்துவம் பழையது. 1881-ல் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இப்படி ஒரு கருவியைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். சோதனையில் வேலை செய்த கருவி, அதிபரின் படுக்கையருகே குழம்பியது. படுக்கைக்குள் இருந்த எஃகுச் சுருள்களையும் அது சேர்த்துக் கேட்டது ஒரு காரணம். சுற்றியிருப்பது எது என்பதுதான் கருவியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துபோனது.

பூங்கா: குப்பையோடு போராட்டம்

மக்கள் உட்காரும், விளையாடும், சாப்பிடும் புல்தரை எதுவாக இருந்தாலும் அதற்குள் கிடப்பது ஏறக்குறைய ஒரே சரக்குதான். ஆணி, கம்பித் துண்டு, சோடா மூடி, குளிர்பான டின்னைத் திறக்கும் அலுமினிய வளையம், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஜிகினாத் தாள். இவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நாணயம், எப்போதாவது ஒரு மோதிரம்.

"வேண்டாததை அடக்கி வைக்கும் வசதி இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, டிஸ்கிரிமினேஷன் என்று பெயர். குறிப்பிட்ட எண்களுக்குச் சத்தம் போடாதே என்று கருவியிடம் சொல்லி வைக்கலாம். இரும்பை அடக்குவதில் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் அலுமினிய வளையத்தை அடக்கினால் கூடவே தங்கமும் போய்விடும். காரணம் இதுதான்: திரையில் வரும் எண் உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை. பொருளின் கடத்துதிறன், பருமன், அளவு, வடிவம் எல்லாம் கலந்த ஒரு மொத்தக் கணக்கு அது. மெல்லிய தங்க மோதிரம் ஜிகினாத் தாளின் எண்ணில் வந்து உட்காரும். சற்றுக் கனமானது டின் வளையத்தின் எண்ணில். இரண்டையும் திரையை மட்டும் பார்த்துப் பிரிக்க எந்தக் கருவியாலும் முடியாது, விலை எவ்வளவாக இருந்தாலும் சரி. பிரிப்பேன் என்று சொல்லும் விளம்பரத்தை அப்படியே கடந்துபோகலாம்.

இன்னும் இரண்டு வினோதங்கள். வெட்டுப்பட்டு வாய் திறந்த மோதிரம் முழு மோதிரத்தைவிட மிகவும் பலவீனமாகத்தான் கேட்கும். சுழல் மின்னோட்டம் முழு வட்டமாகச் சுற்றிவர வழி அறுந்துபோகிறது. மெல்லிய சங்கிலி அதைவிட மோசம். ஒவ்வொரு கண்ணியையும் கருவி தனித்தனிச் சின்னப் பொருளாகப் பார்ப்பதால், எத்தனை நீளமான சங்கிலியாக இருந்தாலும் பெரும்பாலும் அதன் கொக்கிதான் சத்தம் எழுப்பும். சங்கிலி தேடப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

பூங்காவுக்கான கருவியில் நான் முதலில் பார்ப்பது, ஒரு பொருளைக் கேட்டு முடித்து அடுத்ததைக் கேட்க அது எவ்வளவு வேகமாகத் தயாராகிறது என்பதை. ரிகவரி ஸ்பீடு என்று விவரப் பட்டியலில் போட்டிருப்பார்கள். நாணயத்துக்கு நான்கு விரல்கடை தள்ளி ஒரு துருப்பிடித்த ஆணி கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காயில் முதலில் ஆணியைக் கடக்கிறது. "இரும்பு, பேசாதே" என்று கருவி வாயை மூடிக்கொள்கிறது. மந்தமான கருவி வாயைத் திறப்பதற்குள் காயில் நாணயத்தையும் தாண்டிப் போயிருக்கும். இப்படி ஆணியின் மறைவில் கிடக்கும் நாணயங்களால்தான், பலர் தேடிச் சலித்த பூங்காவிலும் வேகமான கருவியோடு வருகிறவருக்கு ஏதாவது கிடைக்கிறது. ஆழத்தில் வித்தியாசம் தெரியாத இரண்டு கருவிகளுக்கு நடுவே இந்த ஒரு விஷயத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கலாம்.

இரும்பை முழுக்க ஊமையாக்காமல், அதற்கு ஒரு தாழ்ந்த உறுமல் ஒலியைக் கொடுத்துவைக்கும் வசதி உள்ள கருவி இன்னும் நல்லது. உறுமலுக்கு நடுவே ஒரு கீச்சென்ற ஒலி வந்தால் காது உடனே பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் பழகியபின் திரையைப் பார்ப்பதே குறைந்துவிடும். ஆகவே பல ஸ்வரங்களில் ஒலிக்கும் கருவியா, எல்லாவற்றுக்கும் ஒரே பீப் சத்தம் போடும் கருவியா என்று பாருங்கள். ஒரே சத்தம் போடுவதைத் தவிர்த்துவிடலாம்.

சோடா மூடியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஏமாற்றுப் பேர்வழி. இரும்புத் தகடுதான், ஆனால் வட்டமாகவும் தட்டையாகவும் இருப்பதால் பல நேரம் நாணயத்தின் எண்ணையே காட்டும். அதற்கு ஒரு கை வைத்தியம் உண்டு. பொருளின் மேல் காயிலைக் குறுகலாக ஆட்டிக்கொண்டே மெல்ல உங்கள் பக்கம் இழுங்கள். காயிலின் முன் விளிம்பு மட்டும் பொருளைத் தொடும் நிலையில், நாணயம் என்றால் எண் பெரும்பாலும் அப்படியே நிற்கும். சோடா மூடி என்றால் சிதறி இரும்பின் பக்கம் சரியும். அதேபோல் சந்தேகமான சிக்னலை ஒரு திசையில் கேட்டபின் 90 டிகிரி சுற்றி நின்று மறுபடி கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலித்தால் தோண்டலாம். ஒரு பக்கம் கீச்சிட்டு மறுபக்கம் உறுமினால் பெரும்பாலும் ஆணி.

கடற்கரை: தரையே எதிரி

கடற்கரை என்றால் ஒரே இடம் என்று நினைக்கக் கூடாது. மக்கள் துண்டு விரித்துப் படுக்கும் காய்ந்த மணல் ஒன்று, அலை வந்து போகும் ஈர மணல் ஒன்று, தண்ணீருக்குள் இருக்கும் மணல் இன்னொன்று. காய்ந்த மணலில் எந்தக் கருவியும் ஒழுங்காக வேலை செய்யும். சொல்லப்போனால் பூங்காவைவிட அங்கே சுலபம், தோண்டவும் சுகம். ஈர மணலில் கால் வைத்ததும் கதை மாறும்.

உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே காயிலுக்குக் கீழே இருக்கும் மொத்த மணலும் ஒரு பலவீனமான உலோகமாகத் தெரியும். காயிலை அரை அங்குலம் தூக்கினாலும் இறக்கினாலும் சத்தம். நீங்கள் தேடும் மோதிரத்தின் குரல், சந்தைக்கடை இரைச்சலில் யாரோ காதில் கிசுகிசுப்பது மாதிரி அதற்குள் அமுங்கிப்போகும். போதாததற்குப் பல கரைகளில் கருமணல் வேறு: மேக்னடைட் போன்ற இரும்புத் தாதுக்கள் கலந்த மணல்.

தரையின் சத்தத்தைக் கழித்துவிடக் கருவிகளில் கிரவுண்ட் பேலன்ஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. இங்கேதான் சிக்கலின் முடிச்சு. இரும்புத் தாதுவின் சிக்னல் வருகிற தாமதம் ஒன்று, உப்புநீரின் சிக்னல் வருகிற தாமதம் வேறு. ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் கருவியால் இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் சரியாகக் கழிக்க முடியும். உப்பைக் கழித்தால் கருமணல் கத்தும், கருமணலைக் கழித்தால் உப்பு கத்தும். இதைச் சமாளிக்க இந்தக் கருவிகளில் "பீச் மோடு" என்று ஒன்று வைத்திருப்பார்கள். அது உப்புக்கு ஏற்றபடி தரைக் கழிப்பை மாற்றி, உணர்திறனையும் குறைக்கும். வேலை செய்யும்தான். ஆனால் மெல்லிய தங்கத்தின் சிக்னல் வருவதும் ஏறக்குறைய அந்த உப்புநீர் வரும் இடத்தில்தான் என்பதால், உப்போடு சேர்ந்து அதுவும் கழிந்துபோகும். கடற்கரையில் தேடப் போனதே தங்க மோதிரத்துக்காக என்றால் இது கொஞ்சம் கசப்பான பேரம்.

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும் கருவி இந்த முடிச்சை அவிழ்க்கும். உப்பும் தாதுவும் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. இரண்டு விடைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, தரை எது, பொருள் எது என்று கருவி கணக்குப் போட்டுக்கொள்ளும். 1990களிலேயே வந்துவிட்ட நுட்பம்தான். ஆனால் பல காலம் கனமான, விலை உயர்ந்த கருவிகளில் மட்டும் இருந்தது. 2018-ல் மைன்லேப் நிறுவனத்தின் எக்வினாக்ஸ் கருவி வந்தபின் நிலைமை மாறியது. அதே நிறுவனத்தின் வான்குவிஷ் 2019-லும், காரெட்டின் ஏஸ் ஏபெக்ஸ் 2020-லும், நோக்டாவின் லெஜண்ட் 2022-லும் வந்தன. இப்போது தொடக்கநிலைக் கருவிகளிலேயே இந்த வசதி கிடைக்கிறது.

பட்டியலைப் படிக்கும்போது ஒரு வார்த்தை விளையாட்டில் மாட்டிக்கொள்ளாதீர்கள். "பல அதிர்வெண்கள்" என்று போட்டிருக்கும் கருவிகள் எல்லாம் அவற்றை ஒரே நேரத்தில் அனுப்புவதில்லை. சிலவற்றில் நான்கைந்து அதிர்வெண்களில் எது வேண்டுமோ அதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். அதற்கும் பயன் உண்டு: 5 கிலோஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்தது, கனமான வெள்ளி, செம்பு நாணயங்களை ஆழத்தில் பிடிக்கும், 15, 20 என்று போகப் போகச் சின்ன, மெல்லிய பொருள்கள் நன்றாகத் தெரியும். ஆனால் ஈர மணல் சிக்கலுக்கு அது தீர்வு இல்லை. "ஒரே நேரத்தில்" என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். போடவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பல்ஸ் இண்டக்‌ஷன் யாருக்கு?

கடற்கரைப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் பல்ஸ் கருவி வாங்கச் சொல்வார். அது வேறு ஜாதி. தொடர்ந்து அலையை அனுப்பாமல், சடாரென்று ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு நிறுத்தும். மைக்ரோ வினாடிக் கணக்கில் சற்றுப் பொறுத்து, அப்புறம் கவனிக்கும். உப்புநீரின் சிக்னல் அதற்குள் அடங்கிவிடும், உலோகத்தின் சிக்னல் இன்னும் மிச்சமிருக்கும். கருமணலும் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஆழமும் நன்றாக எடுக்கும்.

ஆனால் இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்லும் திறமை அதற்குக் கிட்டத்தட்டக் கிடையாது. ஒவ்வொரு ஹேர்பின்னையும் ஒவ்வொரு ஆணியையும் தோண்டி எடுக்கும் பொறுமை வேண்டும். பூங்காவில் அதைக் கொண்டுபோனால் பத்து நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். காரெட்டின் சீ ஹண்டர் மார்க் 2 போன்றவை 65 மீட்டர் வரை நீருக்குள் போகக்கூடிய பல்ஸ் கருவிகள். முத்துக் குளிப்பவர் மாதிரி நீருக்குள்ளேயே கிடப்பவருக்கு அவை பொருத்தம். முதல் கருவியாக இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சரி, எதை எடுக்கலாம்?

பூங்கா, காய்ந்த மணல், இந்த இரண்டும் போதும் என்றால், ஒற்றை அதிர்வெண் கருவியே தாராளம். 10 முதல் 15 கிலோஹெர்ட்ஸ் வரையில் உள்ளது எல்லாவற்றுக்கும் நடுவாக இருக்கும். காரெட் ஏடி புரோ 15-ல் இயங்குகிறது, நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12-ல். மிச்சமாகும் பணத்தில் நல்ல பின்பாயிண்டரும் (குழிக்குள் விட்டுத் தேடும் குட்டி டிடெக்டர்) ஹெட்போனும் வாங்கினால், விலை கூடிய கருவியால் கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கும்.

பூங்காவும் வேண்டும், ஈர மணலும் வேண்டும் என்றால், ஒரே நேரத்தில் பல அதிர்வெண் அனுப்பும் கருவிக்கே போங்கள். இதில் இழுபறி வேண்டாம். ஒற்றை அதிர்வெண் கருவியோடு ஈர மணலுக்குப் போய், அது அரைமணி நேரம் கத்துவதைக் கேட்டுவிட்டு, இந்தப் பொழுதுபோக்கே வேண்டாம் என்று பரணில் போட்டவர்கள் நிறைய.

தண்ணீருக்குள் இறங்குவேன் என்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். "நீர் புகாது" என்ற சொல் எதைக் குறிக்கிறது? பல கருவிகளில் காயில் மட்டும்தான் நீர் புகாதது; திரையும் பேட்டரியும் இருக்கும் பெட்டி மழைத்தூறலையே தாங்காது. வான்குவிஷ் வரிசை அப்படித்தான்: காயிலை ஒரு மீட்டர் வரை முக்கலாம், பெட்டியை நனைக்கக் கூடாது. ஏடி புரோ, சிம்ப்ளெக்ஸ் பிளஸ், முதல் எக்வினாக்ஸ் ஆகியவை முழுக் கருவியாகவே 3 மீட்டர் வரை தாங்கும். முழங்கால் தண்ணீரில்தானே நிற்கப் போகிறோம் என்று அலட்சியம் வேண்டாம். ஒரு பெரிய அலை போதும். கருவி தாங்கினாலும் ஹெட்போன் தாங்காது, அதற்கென்று நீர் புகாத ஹெட்போன் தனி. வயர்லெஸ் ஹெட்போனின் ரேடியோ அலை உப்புநீருக்குள் போகாது என்பதால் தலையை முக்கித் தேடுபவருக்கு வயர் உள்ளதுதான் வழி.

காயிலைப் பொறுத்தவரை டபுள் டி வகையையே எடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு "டி" வடிவச் சுற்றுகள் அதில் இருக்கும். தாது கலந்த தரையில் இது நிதானமாக இருக்கும், ஒவ்வொரு வீச்சிலும் காயிலின் முழு நீளத்துக்குத் தரையைத் துழாவும். வட்டத்துக்குள் வட்டம் வைத்த பழைய வகை ஆழம் போகப்போகக் கூம்பாகக் குறுகிவிடும். ஆனால் சோடா மூடியை அடையாளம் காட்டுவதில் அது கெட்டி. அளவில் 11 அங்குலம் எல்லாவற்றுக்கும் நடுவான தேர்வு. குப்பை மண்டிய பூங்காவுக்கு 6 அங்குலச் சின்னக் காயில் ஒன்று பிற்பாடு வாங்கலாம். அது ஒரு நேரத்தில் குறைவான பொருள்களையே பார்ப்பதால் ஆணிகளுக்கு நடுவே நுழைந்து வேலை செய்யும். 15 அங்குலம் பரந்த வெறும் மணலுக்கு. கையில் எடுத்து ஆட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள், மணிக்கட்டு சொல்லும்.

எடையும் அப்படித்தான். ஒன்றேகால் கிலோ கேட்பதற்குக் குறைவு, இரண்டு மணி நேரம் ஆட்டினால் தெரியும். எக்ஸ்பி டியூஸ் வரிசை ஒரு கிலோவுக்கும் குறைவு. தோள்வலி உள்ளவர்கள் அதற்காகவே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். எடையைவிட முக்கியம் சமநிலை: முழங்கைத் தாங்கியில் கையை வைத்துப் பிடிக்கும்போது முன்பக்கம் தொங்கக் கூடாது. பேட்டரி, திரை வெளிச்சம், ப்ளூடூத் எல்லாம் இப்போது ஏறக்குறைய எல்லாவற்றிலும் போதுமான அளவுக்கு இருக்கிறது. அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

வாங்கவே கூடாத ஒன்றும் உண்டு. "நூறு மீட்டர் தூரத்தில் தங்கம் இருந்தாலும் ஆண்டெனா அந்தப் பக்கம் திரும்பும்" என்று விற்கும் தொலைதூரக் கருவிகள். இவற்றுக்குப் பின்னால் எந்த இயற்பியலும் இல்லை. இதே பாணியில் கைப்பிடியும் ஆண்டெனாவும் மட்டும் வைத்து ஏ.டி.இ. 651 என்ற பெயரில் வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவியாக ஈராக் அரசுக்கே விற்றவர் பிரிட்டனில் ஒருவர் இருந்தார். 2013-ல் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அது முதலில் கோல்ஃப் பந்து தேடும் வேடிக்கைக் கருவியிலிருந்து பிறந்தது. ஓர் அரசாங்கமே ஏமாந்திருக்கிறது, நாம் எம்மாத்திரம்.

பிரபலமான மாடல்களுக்குப் போலிகளும் ஏராளம். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் வரிசை எண்ணைக் கேட்டு வாங்கி, தயாரித்த நிறுவனத்திடம் சரிபாருங்கள். பழையது வாங்கினால் பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா, காயில் வயரை அசைத்தால் சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

கூட வாங்க வேண்டியவை

பின்பாயிண்டர் என்பது கையடக்கமான குட்டி டிடெக்டர். குழிக்குள் விட்டு, பொருள் எந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது என்று காட்டும். இது இல்லாமல் பூங்காவில் தோண்டினால் ஒரு நாணயத்துக்காகக் கிணறு வெட்டுவீர்கள். கூட ஒரு குறுகலான கைக்கரண்டி. புல்லை மூன்று பக்கம் வெட்டி மடித்துத் திறந்து, மண்ணை ஒரு துணியில் கொட்டி, எடுத்தபின் மண்ணைத் திரும்பப் போட்டுப் புல்லை மூடி மிதித்துவிட வேண்டும். நீங்கள் தோண்டிய இடம் அடுத்தவருக்குத் தெரியக் கூடாது. மணலுக்கு ஓட்டை போட்ட சல்லடை அள்ளி: காய்ந்த மணலுக்குப் பிளாஸ்டிக் போதும், தண்ணீரில் நின்று அள்ளுவதற்கு நீளக் கைப்பிடி வைத்த ஸ்டீல்.

அனுமதி விஷயத்தில் அசட்டை கூடாது. பல நாடுகளில் தொல்லியல் இடங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் டிடெக்டர் எடுத்துப்போவதே குற்றம். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் அப்படித்தான். ஊராட்சி, நகராட்சிப் பூங்காக்களுக்கு ஊருக்கு ஒரு விதி. கிடைத்த பழம்பொருளை அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் பல இடங்களில் உண்டு, இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் மாதிரி. இடத்தைப் பராமரிப்பவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். உருளையாக, துருப்பிடித்த, கனமான ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல் விலகி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள். பழைய போர்க்காலக் குண்டுகள் இன்றும் வெடிக்கக்கூடியவை.

முதல் நாள்

கருவி வந்ததும் நேரே வெளியில் ஓட வேண்டாம். ஆணி இல்லாத மர மேஜை மேல், டிவி, ரவுட்டர் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி, வீட்டில் இருக்கும் மோதிரம், இரண்டு மூன்று நாணயம், டின் வளையம், சோடா மூடி, கசக்கிய ஜிகினாத் தாள், ஆணி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்துக் காயிலை ஆட்டி எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எண் அளவுகோல் வேறு என்பதால் வேறு யாருடைய பட்டியலும் உங்களுக்கு உதவாது. பிறகு நாணயத்துக்குப் பக்கத்தில் ஆணியை வைத்து, தள்ளித் தள்ளி வைத்துக் கேளுங்கள். எவ்வளவு நெருக்கத்தில் நாணயத்தின் குரல் காணாமல் போகிறது என்பது உங்கள் கருவியின் உண்மையான தகுதி.

வெளியே போகும்போது உணர்திறனை முழுக்க ஏற்றாமல் பாதிக்குச் சற்று மேலே வைத்துத் தொடங்குங்கள். மேலே மின்கம்பி ஓடினாலோ பையில் இருக்கும் போன் பக்கத்தில் இருந்தாலோ கருவி காரணமில்லாமல் புலம்பும். போனைத் தள்ளி வையுங்கள், அதிர்வெண் மாற்றும் பொத்தான் இருந்தால் அதை ஒருமுறை அழுத்துங்கள். காயிலைத் தரையோடு உரசாமல், ஆனால் விரல்கடை உயரத்துக்கு மேலே தூக்காமல், மெதுவாக ஆட்டுங்கள். வீச்சின் கடைசியில் கையை மேலே தூக்கிவிடுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். அங்கே ஆழம் பாதியாகிவிடும். ஒரு வீச்சு முடிந்த இடத்தில் பாதிக் காயில் அளவுக்கே முன்னேறுங்கள்.

கடற்கரை என்றால் கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். பெருங்காற்றுக்கும் கொந்தளிப்புக்கும் மறுநாள், அலை மணலை அரித்துப் படியாக வெட்டியிருக்கும் இடங்கள் நல்லவை. இலேசான மணல் போய், ஈயம், தங்கம் போன்ற கனமானவை கீழே ஒன்றுகூடித் தங்கும். ஓரிடத்தில் மீன்பிடி ஈயக் குண்டுகள் வரிசையாகக் கிடைக்கத் தொடங்கினால் அந்த வரிசையை விடாமல் பின்தொடருங்கள், மோதிரமும் அதே எடைக் கணக்கில் அங்கே ஒதுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். திரும்பியதும் நல்ல தண்ணீரில் கருவியை அலசி, தண்டைக் கழற்றி, இடுக்குகளில் ஒட்டிய மணலைப் போக்குங்கள். சார்ஜ் போடும் மூடியை நன்றாகக் காய்ந்தபின் மட்டும் திறங்கள்.